கன்சோலுக்குப் பூட்டு: கையில் இருக்கும் பணத்துக்கு எது முதலில்?

நண்பர் ஒருவர் சின்னக் குழுவாகச் சேர்ந்து கையடக்க கேம் கன்சோல் ஒன்று செய்துகொண்டிருக்கிறார். போன மாதம் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். யாரும் உடைத்து உள்ளே நுழையாமல் இருக்க வன்பொருளில் என்னென்ன செய்யலாம் என்று ஏழு வரிகள். கார்ட்ரிட்ஜுக்குள் பூட்டுச் சிப், பூட் ரோமில் கையொப்பச் சரிபார்ப்பு, ஃபியூஸ், நினைவகக் குறியாக்கம், கிளிட்ச் உணரிகள், டீபக் போர்ட்டை (பிழை பார்க்கச் சிப்புக்குள் நுழையும் வழியை) அடைப்பது. ஏழாவதாக, ஒரு கேள்விக்குறியோடு: ‘பேசாமல் திறந்தே விட்டுவிடலாமா?’

“இதுல மூணுக்குத்தான் காசும் ஆளும் இருக்கு. எந்த மூணு?” என்றார்.

பாதுகாப்புப் புத்தகங்களில் இந்தக் கேள்விக்கு நேரடியான பதில் இருக்காது. எல்லாவற்றையும் போடச் சொல்வார்கள். ஆனால் நாற்பது ஆண்டுகளாகக் கன்சோல்கள் உடைந்த கதைகளைப் பார்த்தால் ஒரு அளவுகோல் கிடைக்கிறது. விற்றுப்போன பெட்டியில் இந்தப் பூட்டு உடைந்தால் நாம் இருந்த இடத்திலிருந்தே சரிசெய்ய முடியுமா? முடியும் என்றால் அது இரண்டாம் செலவு. முடியாது என்றால் முதல் செலவு. தாளில் இருந்த ஏழு வரிகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் அவருக்கு வரிசைப்படுத்திக் கொடுத்தேன்.

அதற்கு முன் எதிரி யார் என்பதில் தெளிவு வேண்டும். சர்வரைக் காப்பவருக்கு எதிரி எங்கோ வெளியில் இருக்கிறான். கன்சோல் செய்பவருக்கோ, காசு கொடுத்து வாங்கிய வாடிக்கையாளர்தான் எதிரி. பெட்டி அவர் மேசையில் இருக்கிறது, ஸ்க்ரூடிரைவரும் சால்டரிங் அயர்னும் அவர் கையில், அவசரம் ஏதும் இல்லை. வீட்டுக்காரரே சுவரேறிக் குதிக்கும்போது வாசல் கதவைப் பலப்படுத்தி என்ன பயன்? கன்சோல் பாதுகாப்பு மற்ற கணினிப் பாதுகாப்பிலிருந்து விலகி நிற்பது இந்த இடத்தில்தான்.

கார்ட்ரிட்ஜிலும் டிஸ்கிலும் பூட்டு

தாளில் முதல் வரியாக இருந்ததால் இதிலிருந்தே தொடங்கினோம். இதை அடித்துவிடச் சொன்னேன். காரணம் கேட்டார்.

1985-இல் நின்டெண்டோ தன் என்இஎஸ் கன்சோலில் 10என்இஎஸ் என்ற பூட்டை வைத்தது. கன்சோலில் ஒரு சின்னச் சிப், ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் அதன் ஜோடி. இரண்டும் ஒரே நிரலை ஓட்டி ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டே இருக்கும். பேச்சு பொருந்தாவிட்டால் கன்சோல் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும், விளக்கு விட்டுவிட்டு எரியும். அனுமதியில்லாமல் கார்ட்ரிட்ஜ் விற்ற சில நிறுவனங்கள் அந்தச் சிப்பின் மேல் ஒரு வோல்டேஜ் உதையைக் கொடுத்து அதை மயக்கின. வீட்டில் இருந்தவர்களோ இன்னும் சுலபமான வழியைப் பிடித்தார்கள். கன்சோலில் இருக்கும் சிப்பின் நான்காவது காலை வெட்டிவிட்டால், அது தானே சாவி என்று நினைத்துக்கொள்ளும். பிறகு ரீசெட் செய்யாது. இதில் அதிகம் அடிபட்டவர்கள் ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்கியவர்கள். கார்ட்ரிட்ஜின் தொடுமுனையில் கொஞ்சம் அழுக்குப் படிந்தாலும் பூட்டுச் சிப் பேச்சு அறுந்து, விளக்கு சிமிட்டத் தொடங்கிவிடும். 1993-இல் வந்த மறுவடிவத்தில் நின்டெண்டோவே அந்தச் சிப்பை எடுத்துவிட்டது.

டிஸ்க் காலத்தில் சோனி செய்தது இதைவிட அழகானது. முதல் பிளேஸ்டேஷன் டிஸ்கின் தொடக்கப் பகுதியில் தடமே லேசாக நெளிந்து போகும். அந்த நெளிவில் நான்கு எழுத்துகள் ஒளிந்திருக்கும், பிராந்தியத்துக்கு ஒன்று. சாதாரண சிடி ரைட்டரால் அந்த நெளிவை எழுதவே முடியாது. கேட்கும்போது உடைக்க முடியாத பூட்டு மாதிரிதான் தெரிகிறது. ஆனால் டிரைவ் அந்த நான்கு எழுத்தைப் படித்து ஒரு கம்பி வழியாகத்தானே உள்ளே சொல்கிறது? மலிவான மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றை அந்தக் கம்பியில் சால்டர் செய்து அதே நான்கு எழுத்தை ஓதவிட்டார்கள். மாட்சிப் என்ற தொழில் தழைத்ததே இப்படித்தான்.

இதற்கு மேலும் பாடம் வேண்டும் என்றால் எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறது. 2005-இல் வந்த அந்தப் பெட்டியின் பிராசஸர் ஒரு கோட்டை. அந்தக் கதை பின்னால் வருகிறது. ஆனால் ‘இது அசல் டிஸ்க்தானா’ என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை டிவிடி டிரைவின் ஃபர்ம்வேரிடம் (அதற்குள் பதிந்திருக்கும் நிரலிடம்) கொடுத்திருந்தார்கள். 2006-இலேயே அந்த ஃபர்ம்வேரை மாற்றி எழுதிவிட்டார்கள். கோட்டையில் ஒரு கல்கூடப் பெயரவில்லை, பிராசஸர் ஓட்டியதெல்லாம் முறையாகக் கையொப்பமிட்ட நிரல்தான். ஆனாலும் நகல் டிஸ்குகள் ஓடின.

பூட்டு, பிராசஸர் சிப்புக்கு வெளியே எங்கே இருந்தாலும் கம்பி வழியாகத்தான் பேச வேண்டும். கம்பியில் வேறு யாரும் பேசலாம். விற்ற பிறகு கம்பியை மாற்றவும் முடியாது. நண்பர் தாளில் முதல் வரியின் மேல் கோடு விழுந்தது.

பூட் ரோம்: இங்கேதான் கஞ்சத்தனம் கூடாது

கன்சோலை ஆன் செய்ததும் பிராசஸர் ஓட்டும் முதல் சில வரிகள் சிப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதுதான் பூட் ரோம். அது அடுத்த நிரலின் கையொப்பத்தை (தயாரிப்பாளர் தன் இரகசியச் சாவியால் போடும் டிஜிட்டல் முத்திரையை) பார்த்து உள்ளே விடும், அந்த நிரல் அதற்கடுத்ததைப் பார்க்கும், இப்படியே விளையாட்டு வரை. சங்கிலியின் முதல் கண்ணி மட்டும் எந்த அப்டேட்டாலும் தொட முடியாதது. என் அளவுகோலின்படி முதல் பணம் இங்கேதான் போக வேண்டும்.

இதிலும் இரண்டு வழிகள் உண்டு. ஒரு இரகசியச் சாவியை ரோமில் ஒளித்துவைப்பது ஒன்று. பொதுச் சாவியை மட்டும் வைத்துக் கையொப்பத்தைச் சரிபார்ப்பது இன்னொன்று. முதல் வழியில் போனது 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ். அதன் பிராசஸர் கடையில் கிடைத்த பென்டியம் இனத்தது என்பதால் ரோமை அதற்குள் வைக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த சவுத்பிரிட்ஜ் என்ற துணைச் சிப்பில் 512 பைட்டில் ஒரு இரகசிய ரோம் வைத்தார்கள். அதிலிருந்த சாவி ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மதர்போர்டில் ஓடும் பஸ் (சிப்புகளுக்கு நடுவே தரவு போகும் தடம்) வழியாக, எந்த மறைப்பும் இல்லாமல், பிராசஸருக்குப் போனது. இவ்வளவு வேகமாக ஓடும் பஸ்ஸை வீட்டு மேசையில் வைத்து யார் ஒட்டுக்கேட்கப் போகிறார்கள் என்பது கணக்கு. அப்போது எம்ஐடி-யில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ஹுவாங், அந்தப் பஸ்ஸின் தடங்கள் மேல் தானே செய்த ஒரு சின்னப் பலகையை ஒட்டி, எஃப்பிஜிஏ (உள்சுற்றை வேண்டியபடி மாற்றியமைக்கக்கூடிய சிப்) ஒன்றை வைத்து 2002-இல் அதைக் கேட்டுவிட்டார். ஒரே பெட்டியில் கிடைத்த சாவி அந்த வகைப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் சாவி.

பதறிப்போய் அடுத்த பதிப்பில் புதுச் சாவியோடு ஒரு ஹாஷ் (நிரலுக்குக் கைரேகை மாதிரி ஒரு சின்ன எண்) சரிபார்ப்பும் சேர்த்தார்கள். அதற்காக எடுத்தது டிஇஏ என்ற குறியாக்க முறை. அதை ஹாஷாகப் பயன்படுத்தக் கூடாது என்பது துறையில் ஏற்கெனவே தெரிந்த விஷயம். குறிப்பிட்ட இரண்டு பிட்டுகளைச் சேர்த்துத் திருப்பிப் போட்டால் விடை மாறாது. அதை வைத்தே மறுபடி நுழைந்தார்கள். 512 பைட்டுக்குள் அடக்க வேண்டும் என்ற நெருக்கடியில் எடுத்த முடிவாக இருக்கலாம். ஆனால் இடம் போதவில்லை என்பதற்காகப் பலவீனமான கணக்கைத் தேர்ந்தெடுப்பது, பூட்டு வாங்கக் காசில்லை என்று கதவைக் கயிற்றால் கட்டுவதுதான்.

பொதுச் சாவி வழி நிச்சயம் மேல். ரோமில் இருப்பதை யார் படித்தாலும் கவலையில்லை. கையொப்பம் போடும் இரகசியச் சாவி பெட்டிக்குள் இல்லவே இல்லை. ஆனால் அந்தச் சரிபார்ப்பை எழுதிய விதத்தில் ஓட்டை இருந்தால் கணிதம் காப்பாற்றாது. நின்டெண்டோவின் வீ கன்சோல் இதற்கு நல்ல உதாரணம். கையொப்பத்திலிருந்து வரும் 20 பைட் ஹாஷை, எழுத்துச் சரங்களை ஒப்பிடும் கட்டளையை வைத்து ஒப்பிட்டிருந்தார்கள். அந்தக் கட்டளை பூஜ்ய பைட்டைக் கண்டதும் ‘சரம் முடிந்தது, இரண்டும் ஒன்றுதான்’ என்று நின்றுவிடும். ஆக, கையொப்பத்தை முழுக்கப் பூஜ்யமாக வைத்துவிட்டு, ஹாஷின் முதல் பைட் பூஜ்யமாக வரும்வரை கோப்பில் எங்காவது ஒரு இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்தால் போதும். சராசரியாக 256 முயற்சி. கணினிக்கு அது கண்சிமிட்டும் நேரம். நல்லவேளையாக இந்தத் தவறு அப்டேட்டால் திருத்தக்கூடிய பகுதிகளிலும் இருந்தது. ஆனால் பழைய பெட்டிகளில், ரோமுக்கு அடுத்த படியிலும் இருந்தது. அங்கே கைவைக்க வழியில்லை.

நண்பரின் நிலைக்கு மிக அருகில் வருவது நின்டெண்டோ ஸ்விட்ச். நின்டெண்டோ சொந்தமாகப் பிராசஸர் செய்யவில்லை, என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப்பை வாங்கிப் போட்டது. நண்பரும் சிப்பைக் கடையில் வாங்கத்தான் போகிறார். அந்தச் சிப்பின் பூட் ரோமில் மீட்பு முறை ஒன்று உண்டு; தொழிற்சாலையில் யுஎஸ்பி வழியாக நிரல் ஏற்றுவதற்காக வைத்தது. அதில் யுஎஸ்பி-யில் வரும் ஒரு கோரிக்கையின் நீளத்தைச் சரிபார்க்காமல் அப்படியே நகலெடுக்கும் வரி ஒன்று இருந்தது. 2018 ஏப்ரலில் அது வெளியே வந்தது. வலப்பக்கக் கைப்பிடி கழற்றிய இடத்தில் பத்தாவது பின்னைத் தரையோடு (மின்சுற்றின் கிரவுண்டோடு) இணைத்து, வால்யூம் பட்டனை அழுத்திக்கொண்டு ஆன் செய்தால் மீட்பு முறை. அதன்பின் யுஎஸ்பி கேபிள் இருந்தால் போதும். ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்தே அந்த இணைப்பைக் கொடுத்தார்கள். 2018 மார்ச் முடிய நின்டெண்டோ அனுப்பியிருந்த ஸ்விட்சுகள் சுமார் 1 கோடியே 78 லட்சம். அவற்றில் ஒன்றைக்கூட அப்டேட் அனுப்பித் திருத்த முடியாது.

தொழிற்சாலையில் மட்டும் திருத்த முடிந்தது. அந்தச் சிப்பில் பூட் ரோமின் சில வரிகளை மேலெழுத ஃபியூஸ்களில் இடம் விட்டிருந்தார்கள். 2018 நடுவிலிருந்து வெளிவந்த பெட்டிகள் அந்த ஒட்டுடன் வந்தன, 2019-இல் புதிய சிப்பே வந்தது. ஏற்கெனவே வெளியேறிய பெட்டிகளில் அந்த இடம் பூட்டப்பட்டுவிட்டது.

அதனால் நண்பரிடம் சொன்னது: சிப் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று கேட்பதற்கு முன்னால் விற்பவரிடம் பூட் ரோமைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை பைட்? யுஎஸ்பி, எஸ்டி கார்டு என்று எதையெல்லாம் அது வாசிக்கும்? வாசிப்பதைக் குறைக்க முடியுமா? மீட்பு முறையை முழுக்க அணைக்க ஃபியூஸ் உண்டா? ரோமுக்கு ஒட்டுப்போட இடம் உண்டா? பதில் சொல்லத் தயங்கும் சிப்பை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். ரோம் எவ்வளவு குறைவாகப் பேசுகிறதோ அவ்வளவு நல்லது.

ஃபியூஸ்: மலிவு, ஆனால் மறதி ஆகாது

பூட் ரோமுக்கு அடுத்து என் ஓட்டு இதற்கு. சிப்புக்குள் ஒருமுறை எரித்தால் திரும்பாத பிட்டுகள் இவை. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சாவியை இதில் வைக்கலாம். ஒரு பெட்டி உடைந்தால் மற்றவை உடையாது. முதல் எக்ஸ்பாக்ஸில் பட்ட அடிக்கு மருந்து இதுதான். எக்ஸ்பாக்ஸ் 360-இல் 768 ஃபியூஸ் பிட்டுகள் இருந்தன.

இன்னொரு வேலை, பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பவிடாமல் தடுப்பது. ஓட்டை அடைத்த அப்டேட் வரும்போது ஒரு ஃபியூஸ் எரியும். எரிந்த எண்ணிக்கைக்குப் பொருந்தாத பழைய ஃபர்ம்வேர் பூட் ஆகாது. இது இல்லையென்றால் அப்டேட்டுக்கு அர்த்தமே இல்லை. பழைய ஓட்டையைத் தேடி எல்லோரும் பின்னால் போய்விடுவார்கள். ஸ்விட்சும் இதே முறையைத்தான் கையாள்கிறது.

இதையும் ஏமாற்றப் பார்த்தார்கள். ஃபியூஸ் எரிய மின்சாரம் வேண்டுமே. எக்ஸ்பாக்ஸ் 360 மதர்போர்டில் அந்த மின்சாரம் போகும் வழியில் ஒரு ரெசிஸ்டர் உண்டு. கடுகளவு பாகம். அதைக் கழற்றிவிட்டால் அப்டேட் எரிக்கச் சொல்லும், எதுவும் எரியாது. ஆகவே எரித்த பிறகு எரிந்ததா என்று படித்துப் பார்த்து, எரியாவிட்டால் அப்டேட்டை நிறுத்த வேண்டும். இது நிரலில் நான்கு வரி. செலவு கிடையாது, நினைவில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நினைவகக் குறியாக்கம்: அருமையான பூட்டு, நமக்கு இப்போது வேண்டாம்

நண்பருக்கு மிகவும் ஆசை இருந்தது இதில்தான். சொல்லிக்கொள்ளப் பெருமையான அம்சம். எக்ஸ்பாக்ஸ் 360 இதைச் செய்தது: நிரல் வெளி நினைவகத்துக்குப் போகும்போது குறியாக்கம், ஹைப்பர்வைசர் (மற்ற நிரல்களுக்கெல்லாம் மேலே நின்று காவல் காக்கும் நிரல்) இருக்கும் பகுதிக்கு அதோடு ஹாஷ் காவல். பஸ்ஸை ஒட்டுக்கேட்டாலும் குப்பைதான் தெரியும், எதையாவது மாற்றினால் பிராசஸர் நின்றுவிடும். 2013-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் இன்னும் ஒரு படி போனது. மதர்போர்டு, நினைவகம், ஹார்ட் டிஸ்க் எதையும் நம்பாதே, மையச் சிப்பின் சிலிக்கானை மட்டும் நம்பு என்பது அதன் கொள்கை என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர் டோனி சென் 2019-இல் ஒரு உரையில் விளக்கியிருக்கிறார்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வீ சாட்சி. அது முந்தைய கன்சோலான கேம்கியூபின் விளையாட்டை ஓட்டும்போது நினைவகத்தில் ஒரு பகுதியை மட்டும் அதற்குக் கொடுக்கும். மீதிப் பகுதியைத் துடைக்காமலே விட்டிருந்தார்கள். அதில் வீயின் சாவிகள் கிடந்தன. 2007-இல் ஒரு குழு, நினைவகத்தின் முகவரிக் கால்களைச் சாமணத்தால் தொட்டு இணைத்து, கொடுக்கப்படாத பகுதியைக் கொடுக்கப்பட்ட பகுதி மாதிரிக் காட்டவைத்துப் படித்துவிட்டது. கையில் இருந்த கருவி ஒரு சாமணம்.

ஆனால் என் அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். வீயில் நடந்ததைத் தடுக்கக் குறியாக்கம்கூடத் தேவையில்லை, நினைவகத்தைத் துடைத்திருந்தால் போதும். பெட்டிக்குத் தனிச் சாவி ஃபியூஸில் இருந்து, இரகசியம் எதுவும் வெளி நினைவகத்தில் நெடுநேரம் கிடக்காமல் பார்த்துக்கொண்டால், நினைவகத்தை ஒட்டுக்கேட்பவருக்குக் கிடைப்பது அந்த ஒரு பெட்டியின் கதைதான். குறியாக்க இயந்திரம் சிப்பிலேயே இருந்தால் தாராளமாக இயக்குங்கள். அதற்காகவே விலையுயர்ந்த சிப்புக்குத் தாவ வேண்டாம் என்றேன். முகம் கொஞ்சம் வாடியது.

கிளிட்ச்: ஆயிரம் வரை எண்ணத் தெரியாமல் போகும் சிப்

கிளிட்ச் என்றால் என்ன என்று நண்பருக்கு வாயால் சொல்லி விளங்கவில்லை. மேசையில் செய்து காட்டினேன். மலிவான மைக்ரோகன்ட்ரோலர் பலகை ஒன்று. அதில் ஆயிரம் வரை எண்ணி விடையைத் திரையில் அச்சிடும் நிரல். சிப்பின் வோல்டேஜ் காலில் இருந்த கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு, அங்கே ஒரு மாஸ்ஃபெட், அதாவது மின்னால் இயங்கும் குட்டிச் சுவிட்ச். அது மிகச் சின்ன நேரத்துக்கு வோல்டேஜைத் தரையோடு இழுத்துவிடும். திரையில் 1000, 1000, 1000 என்று ஓடிக்கொண்டிருந்தது. இழுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். ஒரு கட்டத்தில் சிப் மயங்கி விழுந்து ரீசெட் ஆனது. கொஞ்சம் குறைத்தேன். 1000, 1000, 997, 1000. நண்பர் அந்த 997-ஐயே பார்த்துக்கொண்டிருந்தார். நிரலில் பிழை இல்லை, கணிதத்தில் பிழை இல்லை. சிப் மூன்று முறை எண்ண மறந்துவிட்டது. அந்த மறதி ‘கையொப்பம் சரியா?’ என்ற வரியில் நடந்தால்?

நடந்தது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் ஹைப்பர்வைசரில் 2007 தொடக்கத்தில் அடைக்கப்பட்ட ஓட்டை ஒன்றைத் தவிர, பிராசஸர் கோட்டை பெரிதாக அசையவில்லை; 2009-இல் வந்த வழியும் அந்தப் பழைய ஓட்டைக்கே பின்வாசலால் திரும்பிப் போனதுதான். 2011-இல் கிளிகிளி என்ற புனைபெயர் கொண்டவரும் டிரோஸ் என்பவரும் வேறு வழியில் வந்தார்கள். பிராசஸரின் கடிகாரத்தைப் பல மடங்கு மெதுவாக்கி, ஹாஷ் ஒப்பீடு நடக்கும் கணத்தில் அதன் ரீசெட் காலில் சுமார் 100 நானோவினாடிக்கு ஒரு தட்டு. பிராசஸர் முழுதாக ரீசெட் ஆகாது. தடுமாறி, ஒப்பீட்டில் வித்தியாசம் இல்லை என்று சொல்லிவிடும். ஒவ்வொரு முறையும் பலிக்காது. பலிக்காவிட்டால் மறுபடி ஆன் செய்து மறுபடி தட்டு. ஒரு சின்னச் சிப் அதைச் சலிக்காமல் செய்யும்.

சரியான கணம் எது என்று அவர்களுக்கு யார் சொன்னது? கன்சோலே சொன்னது. பூட் எந்தப் படியில் இருக்கிறது என்று அறிவிக்கும் போஸ்ட் கால்கள் மதர்போர்டில் இருந்தன, தொழிற்சாலையில் பழுது பார்ப்பதற்காக. பின்னால் வந்த பலகைகளில் அந்தத் தடங்களை வெட்டினார்கள். நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் நான் வடிவமைத்த ஒரு பலகையில், பூட் நிலையைக் காட்ட ஒரு எல்இடி வைத்தேன். அழகாக இருந்தது. கையொப்பச் சரிபார்ப்பு தொடங்கும்போது எரியும், முடிந்ததும் அணையும். இந்த வேலையில் ஊறிய சகா ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “எப்ப அடிக்கணும்னு விளக்கே போட்டுக் கொடுத்துட்டீங்களே” என்றார்.

கிளிட்சைக் கண்டுபிடிக்கும் உணரிகள் சிலிக்கானில் வேண்டும். அது சிப் செய்பவர் கையில். ஆனால் பாதி வேலையைப் பூட்லோடரில் (ஆன் ஆனதும் ஓடும் தொடக்க நிரலில்) இலவசமாகச் செய்யலாம். ஒப்பீட்டை ஒருமுறைக்கு மூன்று முறை செய்யுங்கள், நடுவில் கணிக்க முடியாத அளவு காத்திருங்கள், ‘சரி’ என்பதற்கு 1 என்று வைக்காமல் தற்செயலாக வரவே முடியாத நீண்ட எண்ணாக வையுங்கள், ஒவ்வொரு படியையும் கடந்ததற்கு ஒரு எண்ணிக்கை வைத்துக் கடைசியில் கூட்டுத்தொகையைப் பாருங்கள். ஒரு தட்டுக்கு விழும் கதவை, அடுத்தடுத்து ஐந்து துல்லியமான தட்டுகளுக்கு விழும் கதவாக்குவதுதான் நோக்கம். முழுப் பாதுகாப்பு இல்லை. ஓட்டை அடைத்த ஸ்விட்சுகளையும் பின்னால் கிளிட்ச் மாட்சிப்கள்தான் திறந்தன. ஆனால் பேப்பர் கிளிப்பிலேயே திறக்கும் கதவுக்கும், ஃபிளக்ஸும் நுண்ணோக்கியும் வைத்துச் சால்டர் செய்ய வேண்டிய கதவுக்கும் நடுவில்தான் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் நின்றுவிடுவார்கள்.

டீபக் போர்ட் பற்றி விவாதமே இல்லை. அந்தப் போர்ட்டின் வழக்கமான வடிவமான ஜேடேக்கை ஃபியூஸ் எரித்து அடையுங்கள், தொழிற்சாலையில் கடைசிப் படியாக. பழுதாகித் திரும்பி வரும் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றால், பெட்டியின் தனிச் சாவியைக் காட்டினால் மட்டும் திறக்கும் வகையைச் சில சிப்புகள் தருகின்றன, அதைக் கேளுங்கள்.

ஏழாவது வரி

‘திறந்தே விட்டுவிடலாமா’ என்று அவர் வேடிக்கையாக எழுதியதாகச் சொன்னார். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிளேஸ்டேஷன் 3 2006-இல் வந்தபோது அதில் லினக்ஸ் போட்டுக்கொள்ளச் சோனியே வழி வைத்திருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் அது உடையவில்லை. 2009-இல் வந்த மெலிந்த வடிவத்தில் அந்த வசதி இல்லை. 2010 ஏப்ரல் 1-இல் வந்த அப்டேட் பழைய பெட்டிகளிலிருந்தும் அதை எடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் ஒரு குழு அதன் கையொப்ப முறையைச் சந்தி சிரிக்கவைத்தது. உடைக்கத் தெரிந்தவர்களுக்கு வேண்டியது லினக்ஸ். அதைக் கொடுத்தவரை சும்மா இருந்தார்கள், பிடுங்கியதும் வந்தார்கள் என்பது அந்தக் குழுவின் வாதம். இதைப் பாதிதான் நம்புகிறேன். வசதி இருந்த காலத்திலேயே, 2010 ஜனவரியில், அந்த லினக்ஸையே படிக்கட்டாக வைத்து ஒருவர் ஹைப்பர்வைசருக்குள் நுழைந்திருந்தார்.

ஆனால் மறுபாதிக்கு எக்ஸ்பாக்ஸ் ஒன் துணை நிற்கிறது. 2016-இல் யார் வேண்டுமானாலும் சொந்த நிரல் எழுதி ஓட்டும் டெவலப்பர் மோடு ஒன்றை அது எல்லோருக்கும் திறந்துவிட்டது. விளையாட்டுகளின் சாவிகள் அந்தப் பக்கம் வராது. வெளிவந்து பத்தாண்டுகள் வரை அந்தப் பெட்டியில் நகல் விளையாட்டு ஓடவில்லை. வன்பொருள் பலமானது என்பது முதற்காரணம். ஆர்வத்துக்காக உடைப்பவருக்கும் காசுக்காக உடைப்பவருக்கும் வழியைப் பிரித்துவிட்டதும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது. ஃபியூஸைச் சரியாகத் திட்டமிட்டால் நண்பருக்கு இதன் செலவு சொற்பம்: டெவலப்பர் மோடில் பூட் ஆனால் பெட்டியின் விளையாட்டுச் சாவியைப் படிக்கும் வழியை ரோமுக்கு அடுத்த படியிலேயே அடைத்துவிட வேண்டும்.

தாளில் கடைசியாக மூன்று டிக் விழுந்தன. நல்ல பூட் ரோம் உள்ள சிப், ஃபியூஸ், டீபக் போர்ட். கிளிட்ச் வரிக்கு எதிரே ‘நிரலில்’ என்று எழுதிக்கொண்டார். நினைவகக் குறியாக்கத்தை அடிக்காமல் வட்டமிட்டு வைத்தார், அடுத்த மாடலுக்காம்.

எழுந்து போகும்போது நான்தான் எட்டாவது வரி ஒன்றை எழுதினேன். பிளேஸ்டேஷன் 3-இன் கையொப்பத்தில், ஒவ்வொரு முறையும் புதிதாக வர வேண்டிய தற்செயல் எண் ஒன்றுண்டு. சோனி ஒவ்வொரு கையொப்பத்துக்கும் அதே எண்ணைப் போட்டிருந்தது. இரண்டு கையொப்பங்களை எடுத்துச் சமன்பாட்டைத் தீர்த்தால் இரகசியச் சாவி கையில் வந்துவிடும். அந்தத் தவறு நடந்தது பெட்டிக்குள் இல்லை, கையொப்பம் போட்ட அலுவலகத்தில். எனவே எட்டாவது வரி: ‘கையொப்பம் போடும் சாவி எங்கே இருக்கும்?’

“என் லேப்டாப்லதான்” என்றார்.

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தோம். சாவியை வெளியே விடாமல் உள்ளேயே கையொப்பமிட்டுத் தரும் ஒரு சின்னப் பெட்டி வாங்குவது, இரண்டு பேர் சேர்ந்தால்தான் அது திறக்கும்படி வைப்பது என்று முடிவானது. இரண்டாவது ஆள் யார் என்பதில்தான் அவர்கள் குழுவுக்குள் இன்னும் பேச்சு ஓடுகிறது.